வேட்டி கட்டிய பேராசிரியர்

1957-ஆம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில் கல்கத்தாவில் ஓர் ஆங்கிலேயத் தம்பதி விமானத்தை விட்டு இறங்கினார்கள். கணவருக்கு வயது 64. நல்ல ஆகிருதி, வழுக்கைத் தலை, அடர்ந்த மீசை. மனைவி அவரைவிட இருபத்திரண்டு வயது இளையவர். நாடு சுதந்திரம் அடைந்து பத்து வருஷம் பூர்த்தியாகப் போகிற சமயம் அது. துரைமார்களில் அநேகம் பேர் அதற்குள் தோட்டத்தையும் பங்களாவையும் விற்றுவிட்டுக் கப்பலேறிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தம்பதி மட்டும் மூட்டையை இங்கே கொண்டுவந்து அவிழ்த்தார்கள். தாஜ்மஹாலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற உத்தேசம் அவர்களுக்கு இல்லை. இங்கேயே இருந்துவிடுவதாகத்தான் வந்தார்கள், இருந்தும் விட்டார்கள்.

அவர் பெயர் ஜே. பி. எஸ். ஹால்டேன். அந்த அம்மாள் ஹெலன் ஸ்பர்வே. இருவருமே உயிரியல் விஞ்ஞானிகள்.

நேயர்களில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு ஹால்டேனைத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை. டார்வினுடைய பரிணாமக் கொள்கையையும் மெண்டலுடைய பாரம்பரிய விதிகளையும் கணக்குப் போட்டு ஒன்றாக முடிச்சுப் போட்ட மூன்று பெரியவர்களில் அவர் ஒருவர். இங்கிலாந்தில் பிஷர், அமெரிக்காவில் ரைட், மூன்றாவது இவர். வேடிக்கை என்னவென்றால், சர்வகலாசாலையில் அவர் பட்டம் வாங்கியது கிரேக்க, லத்தீன் இலக்கியங்களில். விஞ்ஞானத்தில் ஒரு பட்டமும் கிடையாது! தகப்பனார் ஜான் ஸ்காட் ஹால்டேன் சுவாசத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். பையனைச் சிறு வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்துக்குள் அழைத்துப் போய், விஷவாயு தங்கியிருந்த ஓர் இடத்தில் நிற்க வைத்து, ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் ஸீஸர்' நாடகத்தில் வரும் பிரசங்கத்தை ஒப்பிக்கச் சொன்னாராம். நாலு வரி சொல்வதற்குள் பையன் கால் மடிந்து விழுந்தான். தரையில் விழுந்ததும் மூச்சு வந்துவிட்டது. அந்த வாயு லேசானது, மேலேதான் நிற்கும் என்பது பாடம். இப்படி ஒரு தகப்பனாரிடம் வளர்ந்த பிள்ளை வேறு எப்படி இருப்பார்? பெரியவரானதும் தம் உடம்பையே சோதனைச்சாலை ஆக்கிக்கொண்டார். நீர்மூழ்கிக் கப்பல்காரர்களுக்காக அழுத்த அறைக்குள் போய் உட்கார்ந்ததில் செவிப்பறையில் துவாரம் விழுந்தது. கொஞ்சம் காது மந்தமானால் என்ன, சுருட்டுப் புகையைக் காது வழியே விடலாமே, நாலு பேர் கூடின இடத்தில் இது ஒரு திறமைதானே என்று சிரித்தவர் அவர்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அவர் எங்கள் ஜாதி. அதாவது, பத்திரிகைக்கு எழுதுகிற ஜாதி. 'டெய்லி வொர்க்கர்' என்ற கம்யூனிஸ்ட் தினசரியில், தொழிலாளிகளுக்குப் புரிகிற பாஷையில், நூற்றுக்கணக்கான விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். ரெயிலில் போகும்போதே எழுதி முடித்துவிடுவாராம். பொறாமையாகத்தான் இருக்கிறது.

அப்பேர்ப்பட்டவர் லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் இருந்த பேராசிரியர் பதவியை விட்டுவிட்டு ஏன் இங்கே வந்தார்? 1956-ல் பிரிட்டிஷ் சர்க்கார் சூயஸ் கால்வாய்க்காக எகிப்தின்மேல் படையெடுத்தது. அப்படிப்பட்ட நாட்டின் பிரஜையாக இருக்க இஷ்டமில்லை என்று ஹால்டேன் பகிரங்கமாகச் சொன்னார். அதே சமயத்தில் வீட்டிலும் ஒரு ரகளை நடந்தது. ஹெலன் அம்மாள் ஒரு நாள் இரவு ஒரு போலீஸ் நாயின் வாலை மிதித்துவிட்டார். கோர்ட்டில் அபராதம் போட்டார்கள். கட்ட மாட்டேன் என்று சொல்லி அந்த அம்மாள் சிறைக்குப் போய்விட்டார்! சூயஸ் கால்வாய்க்கும் நாய் வாலுக்கும் நடுவில் காலேஜ் வேலையும் கசந்துபோயிற்று.

ஆனால் விதை அதற்கு நாற்பது வருஷம் முன்னாலேயே விழுந்திருந்தது. முதல் உலக யுத்தத்தில் மெசபொட்டேமியாவில் காயம்பட்ட ஹால்டேனை, உடம்பு தேறுவதற்காக இந்தியாவுக்கு அனுப்பினார்கள். நாடு அவருக்கு நிரம்பப் பிடித்திருந்தது. வெள்ளைக்கார ராணுவ அதிகாரி என்ற வேஷத்தில் இருந்துகொண்டு இந்த ஜனங்களோடு சரிசமமாகப் பழக முடியவில்லையே என்பதுதான் பிடிக்கவில்லை. இவர்கள் சுதந்திரம் அடைந்த பிறகு வருவோம் என்று வைராக்கியம் செய்துகொண்டு போனவர், அப்படியே வந்தார்.

மகலனோபிஸ் நடத்திவந்த இந்தியப் புள்ளியியல் கழகத்தில் அவருக்கு வேலை. கல்கத்தாவின் வடக்கு ஓரத்தில் பராநகரில் இருக்கிறது அது. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் இதே மகலனோபிஸ்தான்.

வந்த புதிதில் ஹால்டேனுக்கு இருந்த உற்சாகத்தைக் கேளுங்கள். கோட்டையும் கால்சட்டையையும் கழற்றிப் போட்டுவிட்டு வேட்டியும் ஜிப்பாவும் அணிந்தார். காலுறை போட்டுக்கொண்டது அறுபது வருஷம் போதும் என்றார். மாமிசத்தை விட்டார். இந்து, பௌத்த, ஜைன நூல்களைத் தேடிப் படித்து, ஜைனர்களுடைய ஸ்யாத்வாதத்துக்கும் நவீனப் புள்ளியியலுக்கும் உள்ள உறவைப் பற்றிக் கட்டுரை எழுதினார். மனிதனுக்கும் மிருகத்துக்கும் நடுவே சுவர் எழுப்பாத இந்த நாட்டு மனசுக்கு டார்வினைப் புரிந்துகொள்வது ஐரோப்பிய மனசைவிடச் சுலபம் என்றார். கல்கத்தாவில் ஜனங்கள் டிராம் வண்டிகளைக் கவிழ்த்துப் போலீஸ் உத்தரவை மீறுவதைப் பார்த்துக்கூட அவர் முகம் சுளிக்கவில்லை. ஜெபர்ஸன் இருந்திருந்தால் இதைக் கண்டு ஆனந்தப்பட்டிருப்பார், அமெரிக்காவைவிட இங்கே சுதந்திரம் அதிகம் என்று எழுதிவிட்டார்! டிராமுக்குள் உட்கார்ந்திருந்தவர்களுடைய அபிப்பிராயம் வேறாக இருந்திருக்கலாம்.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் நம் நாட்டைப் புகழ்ந்தால் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? கட்டம் கட்டிப் போடுவோம். இது பத்திரிகை ஆபீஸ்களில் இன்றுவரை மாறாத சம்பிரதாயம். 'இட்டிலி உலகத்திலேயே சிறந்த உணவு: ஜெர்மன் மாது கருத்து' என்று வந்தால் அதற்குப் பக்கத்தில் இடம் ஒழித்துக் கொடுக்காத உதவி ஆசிரியர் கிடையாது. நம் பாட்டி அதையே அறுபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் செய்தி இல்லை. ஜெர்மன் மாது சொன்னால் செய்தி. அந்தக் கட்டத்தைப் படிக்கும்போது நமக்கு ஒரு நிமிஷம் புல்லரிக்கும். அடுத்த நிமிஷமே, "பாவம், புதுசு! கோடைக்காலத்தில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றால் தெரியும்" என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். இரண்டும் நாம்தான்.

எதிர்த் திசையிலும் இதே கதை உண்டு. என் அத்தை பிள்ளை ஒருவன் போன வருஷம் கனடாவுக்குக் குடிபோனான். டொரான்டோவில் வாசம். போன புதிதில் வாரத்துக்கு இரண்டு தடவை கைபேசியில் கூப்பிடுவான். முகம் பாதி, ஜன்னல் பாதி தெரியும். பனி பெய்வதை மல்லிகையைக் கொட்டினாற்போல் என்பான். பொது நூலகத்தில் காலணா கேட்காமல் கை நிறையப் புத்தகம் தருகிறார்கள் என்பான். பாதசாரி தெருவில் காலை வைத்தாலே கார்கள் நின்றுவிடுகின்றன என்று, சாக்ஷாத் பகவானையே தரிசித்துவிட்ட மாதிரி சொல்லுவான். அத்தை கேட்டுக்கொண்டே இருப்பாள். பேச்சு முடிந்ததும் கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு ஒரு நாள் சொன்னாள்: "குழாயில் வருகிற தண்ணீரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினான். முப்பது வருஷமாக நான் வடித்துப் போட்ட சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருப்பானா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஹால்டேனைப் பற்றிப் படிக்கும்போது இங்கிலாந்திலும் யாராவது ஓர் அத்தை இப்படிக் கேட்டிருப்பாள் என்று தோன்றியது. புது இடத்தைப் புகழ்கிறவன் பழைய இடத்தைத் திட்டவில்லைதான். ஆனாலும் விட்டு வந்த வீட்டில் அது வேறு மாதிரி காதில் விழுகிறது.

போகட்டும், பராநகருக்குத் திரும்புவோம். ஹால்டேனுடைய உற்சாகம் வேட்டியோடும் கீரைக் கூட்டோடும் நின்றிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். வேட்டி கட்டிய வெள்ளைக்காரர்களை நாம் நிறையப் பார்த்தாயிற்று. சிலர் வேட்டியோடு ஒரு ஆசிரமமும் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஹால்டேன் வேறொரு காரியம் செய்தார். இங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த இளைஞர்களையும் பார்க்கச் சொன்னார்.

விலையுயர்ந்த யந்திரங்கள் இல்லாமல் இந்தியாவில் ஆராய்ச்சி செய்ய முடியாது என்பது அன்றைக்குப் பலருடைய புலம்பல். ஹால்டேன் ஒப்புக்கொள்ளவில்லை. கண் இருக்கிறது, எண்ணத் தெரியும், வாசலுக்கு வெளியே ஐரோப்பாவில் காணக் கிடைக்காத அளவுக்கு ஜீவராசிகள் இருக்கின்றன. இன்னும் என்ன வேண்டும் என்றார். பறவைகளைச் சுட்டுக் கொன்று பாடம் செய்து வைத்துப் படிப்பதுதான் பழைய வெள்ளைக்கார முறை. அஹிம்சை முறையில் பறவைகளை ஆராய்வது எப்படி என்று 1959-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் எழுதினார். கொல்லாமல் பார்ப்பதால் விஞ்ஞானத்துக்கு ஒரு குறைவும் இல்லை, லாபமே உண்டு என்பது அவர் கட்சி.

எஸ். கே. ராய் என்ற சகா பவழமல்லிகைப் பூவின் இதழ்களை எண்ணினார். பவழமல்லிகை தெரியுமல்லவா? விடியற்காலையில் மரத்தடியில் வெள்ளை வெளேரென்று உதிர்ந்து கிடக்குமே, ஆரஞ்சுக் காம்போடு, அதுதான். எல்லாப் பூவுக்கும் ஒரே எண்ணிக்கையில் இதழ் இருக்காது. ஐந்து இருக்கும், ஆறு இருக்கும், ஏழும் இருக்கும். அந்த வித்தியாசம் எந்த ஒழுங்கில் வருகிறது என்று நாள்தோறும் எண்ணிக் கணக்கு எழுதி, அதிலிருந்து ஒரு மரம் தன் பூவை எப்படி உருவாக்குகிறது என்று விஞ்ஞானக் கட்டுரை வெளிவந்தது.

டி. ஏ. டேவிஸ் தென்னை மரத்தை எடுத்துக்கொண்டார். தென்னையில் மட்டைகள் சுருள் சுருளாக மேலே ஏறுகின்றன. சில மரங்களில் அந்தச் சுருள் இடப்பக்கமாகப் போகும், சிலவற்றில் வலப்பக்கமாக. ஏறக்குறைய பாதிக்குப் பாதி. பாளை மட்டைக்கு எந்தப் பக்கம் ஒதுங்கித் தொங்குகிறது என்று கீழே நின்றபடியே பார்த்துச் சொல்லிவிடலாம். இது தாய் மரத்திலிருந்து பிள்ளைக்கு வருகிற குணமா என்று டேவிஸ் பரிசோதித்தார். இல்லை என்று கண்டார். இடச்சுருள் மரங்கள் கொஞ்சம் அதிகமாகக் காய்ப்பதாகவும் கணக்குக் காட்டினார். பரம்பரை பரம்பரையாகத் தென்னை மரம் ஏறுகிற நம்மவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்கள்?

ஆந்திர தேசத்திலிருந்து வந்த கிருஷ்ண துரோணம்ராஜு என்ற வாலிபர் எடுத்துக்கொண்டது இன்னும் வேடிக்கையான விஷயம். சில தாத்தாக்களுக்குக் காதில் மயிர் கற்றையாக வளர்ந்திருக்கும். சில குடும்பங்களில் அது தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே வருகிறது என்று வம்சாவளி போட்டுக் காட்டினார். ஆண்களுக்கு மட்டுமே உரிய ஒய் குரோமோசோமில் அந்தக் குணம் இருக்கிறது என்பது அன்றைய முடிவு. 2004-ல் வந்த ஓர் ஆராய்ச்சி அதை மறுத்துவிட்டது. விஞ்ஞானத்தில் இது சகஜம். ஒரு தாத்தாவின் காது உலக சஞ்சிகையில் இடம்பெற்றதே, அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது குளவிக் கட்டுரை. ஹெலன் அம்மாளும், துரோணம்ராஜுவும், ஜயகர் என்ற இன்னொரு இளைஞரும் சேர்ந்து 1964-ல் வெளியிட்டது. எத்தனை கூடுகளைப் பற்றித் தெரியுமா? ஒரே ஒரு கூடு! மண்ணால் கூடு கட்டுகிற அந்தக் குளவிக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் 'ஸெலிஃப்ரான் மதராஸ்பட்டானம்'. ஆமாம், நம் மதராஸ்பட்டணம்தான். 1996-ல் நகரத்தின் பெயர் ஆங்கிலத்திலும் சென்னை என்று மாறிவிட்டது. குளவி பழைய விலாசத்தையே வைத்துக்கொண்டிருக்கிறது.

இதைப் படித்த சில நாட்களுக்கெல்லாம் எங்கள் அடுக்குமாடி வீட்டு ஜன்னல் சட்டத்தில் ஒரு குளவி மண் அப்பத் தொடங்கியது. சாதாரணமாக என்றால் துடைப்பக்கட்டைதான் பேசியிருக்கும். இந்தத் தடவை நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி கசிகிற இடத்திலிருந்து ஈர மண்ணை உருண்டையாக்கித் தூக்கி வந்தது. நாலைந்து நிமிஷத்துக்கு ஒரு நடை. மண்ணை அப்பும்போது மெல்லிய ரீங்காரம் கேட்டது. ஓர் அறை முடிந்ததும் மண் கொண்டு வருவதை நிறுத்திவிட்டுச் சிலந்திகளைக் கொண்டுவர ஆரம்பித்தது. கொட்டி மயக்கிய சிலந்திகள். உயிர் உண்டு, அசைவு இல்லை. அவற்றை உள்ளே அடுக்கி, முட்டையிட்டு, வாயை மூடிவிட்டது. குளவிப் புழு சிலந்திகளைத் தின்று வளர்ந்து, ஒரு நாள் மண் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

குளவி ஒரு புழுவைப் பிடித்துக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே குளவியாக்கிவிடும் என்று வேதாந்திகள் உவமை சொல்வார்கள். அழகான உவமை. உள்ளே நடப்பது அதுவன்று. என் பாட்டிக்கு வேறொரு சாஸ்திரம்: குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும். பாட்டி சொன்ன காலத்தில் எங்கள் வீட்டில் கல்யாணமாகாத இரண்டு மாமாக்களும் ஒரு பூனையுமே இருந்தார்கள். குளவியின் வாக்கைப் பூனை காப்பாற்றிற்று.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று விளங்கியது. உவமை சொன்னவர்களும் பாட்டியும் குளவியைத் தினம் பார்த்தவர்கள். அடுத்த அறையில் என்ன இருக்கிறது என்று கூட்டை உடைத்துப் பார்க்கத் தோன்றாத அளவுக்கு அது அவர்களுக்குப் பழக்கம். கல்கத்தாவுக்கு வந்த அந்த அம்மாளுக்குக் குளவி புதிது. ஆகவே அவருக்கு ஒரு கூடே ஒரு கட்டுரைக்குப் போதுமானதாக இருந்தது. புதிதாக வந்தவரின் உற்சாகத்தைக் குழந்தைத்தனம் என்று நாம் தள்ளிவிடுகிறோம். குழந்தைத்தனம்தான். குழந்தைகள் எண்ணிப் பார்க்கும்.

உற்சாகம் எத்தனை நாள் தாங்கும்? ஹால்டேன் விஷயத்தில் மூன்றரை வருஷத்துக்குள் முதல் ரகளை வந்துவிட்டது. 1961 ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து வந்த இரண்டு இளம் மாணவர்களை அவர் விருந்துக்கு அழைத்திருந்தார். அவர்களுடைய பிரயாணத்தைக் கவனித்துவந்த அமெரிக்க அதிகாரிகள் வேறு நிகழ்ச்சி இருப்பதாகச் சொல்லி அதைத் தடுத்துவிட்டார்கள். தம்மை அவமதித்ததாக எடுத்துக்கொண்ட ஹால்டேன் என்ன செய்தார்? உண்ணாவிரதம் இருந்தார்! வேட்டியைப் போலவே இதையும் நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார். அடுத்த மாதமே கழகத்தின் நிர்வாகத்தோடு மனஸ்தாபம் முற்றி ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார்.

பிறகு விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் கீழ் ஒரு தனிப் பிரிவு அமைத்துத் தருவதாக ஏற்பாடு. காகிதங்கள் மேஜைக்கு மேஜை நகர்ந்தன. ஆராய்ச்சிக் கூடம் நகரவில்லை. சி.எஸ்.ஐ.ஆர். என்ற நாலெழுத்துக்குச் 'சுதந்திர ஆராய்ச்சியை அமுக்கும் கவுன்ஸில்' என்று ஹால்டேன் விரிவுரை சொல்லத் தொடங்கினார். கடைசியில் ஒரிஸா முதல் மந்திரி பிஜு பட்நாயக் கூப்பிட்டு இடம் கொடுக்க, 1962-ல் புவனேசுவரத்துக்குக் குடிபெயர்ந்தார். இத்தனைக்கும் நடுவே பத்திரிகைகளுக்கு எழுதுவதை விடவில்லை. நம் சென்னை 'ஹிந்து'விலும் அவர் கட்டுரைகள் வந்தன. நம் படிப்பை, ஆபீஸ்களை, பெரிய மனிதர்களுக்கு முன் நாம் கூனிக் குறுகுவதை, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

"அப்போதே சொன்னேனே, மோகம் முப்பது நாள்" என்று சிலர் சிரித்திருப்பார்கள். ஆனால் மோகம் தீர்ந்தவர் லண்டனுக்கு டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும். அவர் இந்தியப் பிரஜா உரிமை அல்லவா வாங்கினார்!

1962-ல் ஓர் அமெரிக்க எழுத்தாளர் அவரை 'உலகப் பிரஜை' என்று வர்ணித்துவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். ஹால்டேன் மறுத்து எழுதிய பதிலின் சாரம் இது: ஒரு பிரஜையின் முக்கியமான கடமைகளில் ஒன்று தன் நாட்டு சர்க்காருக்குத் தொந்தரவு கொடுப்பது. உலகத்துக்கு ஒரு சர்க்கார் இல்லாததால் அதற்குத் தொந்தரவு கொடுக்க வழியில்லை. இந்திய சர்க்காருக்கு என்னால் தொந்தரவு கொடுக்க முடியும், கொடுத்தும் வருகிறேன். கண்டனத்தை அனுமதிப்பது அதன் நல்ல குணம், என்ன, கொஞ்சம் மெதுவாகத்தான் அசைகிறது. ஐரோப்பாவைவிடவும் பல்வேறு விதமான ஜனங்கள் உள்ள இந்த நாடு ஓர் அபூர்வமான பரிசோதனை; உடைந்து போனாலும் போகலாம்; அதன் பிரஜை என்பதில் எனக்குப் பெருமை. ஆகவே என்னை இந்தியப் பிரஜை என்றே சொல்லுங்கள்.

இதைப் படித்தபோது என் அத்தை பிள்ளை ஞாபகம் வந்தது. இப்போது அவன் அடிக்கடி கூப்பிடுவதில்லை. போன மாதம் கூப்பிட்டபோது குரலில் மல்லிகைப் பூ இல்லை. அவன் தெருவில் நடைபாதைப் பனியைச் சரியாக அள்ளுவதில்லையாம். ஒரு கிழவர் வழுக்கி விழுந்துவிட்டாராம். இவன் நகரசபை அங்கத்தினருக்கு மூன்று கடிதம் எழுதி, பதில் வராமல், நேரிலேயே போய் அரை மணி நேரம் வாதாடிவிட்டு வந்தானாம். "எங்கள் வார்டை யாருமே கவனிப்பதில்லை" என்று மூச்சு விடாமல் பேசினான்.

அத்தைக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தாயா? அலுத்துவிட்டது. அடுத்த வருஷம் திரும்பி வந்துவிடுவான்" என்றாள். மாடி அறையை வெள்ளையடிக்க வேண்டும் என்றுகூடச் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. 'எங்கள் வார்டு' என்று அவன் சொன்னதை அவள் கவனிக்கவில்லை.

ஹால்டேனுக்கு 1963 கடைசியில் லண்டன் போயிருந்தபோது குடலில் புற்றுநோய் என்று கண்டார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தபடியே அந்த வியாதியைக் கேலி செய்து ஒரு பாட்டு எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார். தாம் இறந்த பிறகு ஒளிபரப்புவதற்காக பி.பி.ஸி.யில் தம்முடைய சரமகவியைத் தாமே பேசிப் பதிவு செய்து கொடுத்தார். அங்கேயே இருந்துவிடலாம்; நல்ல வைத்தியம் கிடைக்கும், பழைய சிநேகிதர்கள் இருந்தார்கள். அவர் புவனேசுவரத்துக்குத் திரும்பி வந்தார். 1964 டிசம்பர் 1-ந் தேதி அங்கே காலமானார்.

தகனம் நடக்கவில்லை. அவர் எழுதி வைத்திருந்தபடி உடலைக் காக்கிநாடாவில் உள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள், மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்காக. ஹெலன் அம்மாள் இங்கிலாந்துக்குத் திரும்பவில்லை. இன்னும் பதின்மூன்று வருஷம் இந்தியாவிலேயே, பட்சிகளையும் பிராணிகளையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 1978-ல் ஹைதராபாத்தில் காலமானார்.